பாதி இலைச் சோறு

தாதியக்கா பதில்கள்

போன மாதம் தலைவலி பற்றி ஒருவர் கேட்டதற்குப் பதில் எழுதும்போது, பினாங்கில் 31 ஆண்டுகள் நரம்பியல் வார்டுத் தாதியாக இருந்தவள் நான் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மூளையைப் பற்றித்தான். அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டேன். நான் மருத்துவர் இல்லை. கட்டிலருகே நின்று பார்த்ததையும், அது ஏன் அப்படி என்று தெரிந்துகொள்ளத் தேடிப் படித்ததையும்தான் சொல்ல முடியும். மருந்து பற்றிய முடிவை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

அக்கா, என் கணவருக்கு 46 வயது. லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். மூன்று மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலக் கை விழுந்துவிட்டது. நாங்கள் பேசுவது அவருக்குப் புரிகிறது. ஆனால் வாயைத் திறந்தால் 'ஆமாமா, ஆமாமா' மட்டும்தான் வருகிறது. போன வெள்ளிக்கிழமை கோயில் பஜனையில் எல்லாரோடும் சேர்ந்து முருகன் பாட்டை இரண்டு அடி தெளிவாகப் பாடிவிட்டார். 'பாட வாய் வருது, பேச மட்டும் வராதா? நடிக்கிறான்' என்கிறார் என் மாமியார். எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. - வாசகி, பட்டர்வொர்த்

நடிப்பு இல்லை, தங்கை. இந்தப் பதிலை உங்கள் மாமியாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். பெற்ற மகன் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அவர் அப்படிச் சொல்லியிருப்பார்.

பாரிசுக்குப் பக்கத்தில் பிசெத்ர் என்றொரு மருத்துவமனை. அங்கே லெபோர்ஞ் என்பவர் 20 ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். என்ன கேட்டாலும் 'தான், தான்' என்ற ஒரே ஒலிதான் அவர் வாயிலிருந்து வரும். அதனால் அவருக்குப் பேரே 'தான்' ஆகிவிட்டது. கேட்பது புரியும், கையால் சைகை காட்டுவார். ஆத்திரம் வந்தால் மட்டும் ஒரு முழுத் திட்டு வாயிலிருந்து சரளமாக வந்து விழும். 1861 ஏப்ரலில் 51 வயதில் அவர் இறந்தபோது, பால் புரோக்கா என்ற அறுவை மருத்துவர் மூளையை எடுத்துப் பார்த்தார். இடப்பக்கம், நெற்றிப் பகுதியின் பின் கோடியில், கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலுள்ள பொட்டுக்கு உள்ளே என்று வைத்துக்கொள்ளலாம், ஓர் இடம் சிதைந்திருந்தது. வார்த்தைகளைக் கோத்து வாய்க்கு அனுப்பும் வேலையில் அந்த இடத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்று அவர் சொன்னார். இன்றும் அதைப் புரோக்கா பகுதி என்றுதான் அழைக்கிறார்கள். அந்த மூளையைத் தூக்கிப் போடாமல் பாரிசில் பாதுகாத்து வைத்தார்கள். ஒன்றரை நூற்றாண்டு கழித்து 2007-இல் ஸ்கேன் செய்தபோது, புரோக்கா வெளியிலிருந்து பார்த்ததைவிடக் காயம் உள்ளே வெகு ஆழத்துக்குப் போயிருந்தது தெரிந்தது. ஆகவே பேச்சு முழுவதும் ஒரே புள்ளியில் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் புள்ளி ஒரு பெரிய சந்திப்பு. பல வழிகள் அங்கே கூடுகின்றன.

உங்கள் கணவருக்கு வலக் கை விழுந்திருக்கிறது. மூளையின் இடப்பாதிதான் வலக் கையை ஆட்டுவிக்கிறது. வலக்கைக்காரர்களில் நூற்றுக்கு 95 பேருக்குப் பேச்சும் அந்த இடப்பாதியில்தான். பக்கத்துப் பக்கத்து வீடுகள், ஒரே குழாயில் தண்ணீர். குழாய் அடைத்தால் இரண்டு வீடும் வறண்டுபோகும். பேச்சும் வலக் கையும் அடிக்கடி சேர்ந்தே விழுவது இதனால்தான்.

பாட்டு எப்படி வந்தது என்பதற்கு வருகிறேன். மெட்டைப் பிடிப்பதில் வலப்பாதிக்கு நிறையப் பங்கு உண்டு. அது அவருக்கு நன்றாக இருக்கிறது. அதோடு, சின்ன வயதிலிருந்து ஆயிரம் முறை பாடிய பாட்டை அவர் சொல் சொல்லாகக் கோக்க வேண்டியதில்லை. அடியைத் தொட்டால் மீதி தானாக ஓடிவரும். லெபோர்ஞுக்குத் திட்டு வந்த மாதிரிதான் இது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லிப் பாருங்கள், வரக்கூடும். திங்கள், செவ்வாய் வரக்கூடும். ஆனால் 'இன்றைக்கு என்ன கிழமை?' என்று கேட்டால் திணறுவார். கேள்விக்குப் புதிதாகப் பதில் கோக்கும் இடத்தில்தான் அடி பட்டிருக்கிறது.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் 1973-இல் இதையே சிகிச்சையாக மாற்றினார்கள். 'தண்ணி வேணும்' என்பதை இரண்டு சுரத்தில், ஏற்றி இறக்கி, நோயாளியின் இடக் கையால் தாளம் தட்டியபடி பாட வைப்பது. பிறகு மெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பேச்சுக்குக் கொண்டு வருவது. எல்லாருக்கும் பலிக்காது. ஆனால் புரிதல் நன்றாக இருந்து, பேச்சு மட்டும் அடைத்துக்கொண்டவர்களுக்குத்தான் இது அதிகம் பொருந்தும். உங்கள் கணவர் அந்த வகை போலத் தெரிகிறது. பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பச் சொல்லி மருத்துவமனையில் கேளுங்கள். அவர்களாகச் சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

வீட்டில்: டிவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். கத்த வேண்டாம், காது நன்றாகத்தான் இருக்கிறது. ஆம், இல்லை என்று தலையாட்டிச் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அவர் தேடிக்கொண்டிருக்கும் வார்த்தையை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், தேடுவதையே விட்டுவிடுவார். பஜனைக்குக் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

எங்கள் பாட்டி சௌராஸ்தா மார்க்கெட்டில் முப்பது வருடம் பூ விற்றவர். தமிழ், மலாய், ஹொக்கியன் மூன்றும் தண்ணீராய் ஓடும். பக்கவாதத்துக்குப் பிறகு தமிழ் மட்டும் கொஞ்சம் வருகிறது. மற்ற இரண்டும் அழிந்துவிட்டனவா? - வாசகர், ஜார்ஜ்டவுன்

அழிந்துவிட்டன என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். ஒரு மொழிக்கு ஓர் அறை, இன்னொரு மொழிக்கு இன்னொரு அறை என்று மூளை பிரித்து வைப்பதில்லை. பெரும்பாலும் ஒரே இடங்கள்தான் எல்லா மொழிக்கும் உழைக்கின்றன. அடிபட்ட பிறகு எந்த மொழியை எட்டிப் பிடிக்க முடிகிறது என்பதில்தான் வித்தியாசம் வருகிறது. முதலில் கற்ற மொழி முதலில் திரும்பும் என்று பிரான்சில் ரிபோ என்ற உளவியலாளர் சொன்னார். 1895-இல் பித்ர் என்ற பிரெஞ்சு மருத்துவர், நோய்க்கு முன் அதிகம் புழங்கிய மொழிதான் முதலில் திரும்பும் என்றார். வார்டில் நான் இரண்டையும் பார்த்திருக்கிறேன். எல்லா மொழியும் சேர்ந்தே மெல்ல மெல்லத் திரும்புவதுதான் அதிகம்.

ஓய்வு பெற்ற கிராணி ஒருவரை நினைத்துக்கொள்கிறேன். ஆயுள் முழுக்க ஆபீசில் ஆங்கிலம், வீட்டில் தமிழ். விழித்ததும் ஆங்கிலம்தான் வந்தது. அவர் மனைவிக்கு ஆங்கிலம் தெரியாது. 'என்கிட்டப் பேசப் பிடிக்கலையா?' என்று அந்த அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆறு வாரம் கழித்து ஒரு நாள் காலை பசியாறும் நேரத்தில், கோப்பியைப் பார்த்து 'சூடா இருக்கு' என்றார். அந்த அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

உங்கள் பாட்டிக்கு ஒரு காரியம் செய்யுங்கள். வலிக்குது, தண்ணி, ஒண்ணுக்கு, குளிருது, திருப்பிப் படுக்க வை. இப்படிப் பத்துச் சொல்லை ரூமி எழுத்தில், அதாவது ஏ, பி, சி எழுத்தில், எழுதி, எதிரே மலாயில் அர்த்தம் போட்டு, கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள். தமிழ் தெரியாத தாதிகள் நிறைய வார்டுகளில் இருக்கிறார்கள். அவர்கள் இதற்கு நன்றி சொல்வார்கள். பாட்டியிடம் 'இதுக்கு மலாய்ல என்ன பாட்டி?' என்று பரீட்சை வைக்காதீர்கள்.

எஸ்.பி.எம். தேர்வு எழுதப் போகிறேன். படிப்பது எல்லாம் மூளையில் எங்கே போய் உட்காருகிறது? இரவு முழுக்க விழித்துப் படித்தால் அதிகம் பதியுமா? - மாணவன், நிபோங் தெபால்

தம்பி, இதற்கு ஒரு மனிதரின் வாழ்க்கையையே பதிலாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்குத் தீராத வலிப்பு. 1953-இல், அவருக்கு 27 வயது, ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் இரண்டு காதுக்கும் உட்புறமாக, மூளையின் அடியாழத்தில் இருக்கும் பகுதிகளை இரு பக்கமும் வெட்டி எடுத்தார். கடல்குதிரை போல வளைந்திருப்பதால் ஹிப்போகேம்பஸ் என்று பெயர் பெற்ற பகுதியின் பெரும்பங்கு அதோடு போய்விட்டது. வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து புதிதாக ஒன்றும் நிற்கவில்லை. இளமை நினைவிருந்தது, சற்று முன் சாப்பிட்டது நினைவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் ஆண்டுக்கணக்கில் வந்து அவரைச் சோதித்தார். ஒவ்வொரு முறையும் அவருக்கு மில்னர் புது ஆள்தான்.

ஆனால் மில்னர் இன்னொன்றும் கண்டார். கண்ணாடியில் கையைப் பார்த்தபடி ஒரு நட்சத்திரத்தைக் கோட்டுக்குள் வரைய வேண்டும். யாருக்கும் முதலில் கை தடுமாறும். மொலைசன் நாளுக்கு நாள் நன்றாக வரையத் தொடங்கினார். இதற்கு முன் வரைந்ததே இல்லை என்றுதான் ஒவ்வொரு நாளும் சொன்னார். ஆனால் கை கற்றுக்கொண்டிருந்தது. நிகழ்ச்சியை நினைவில் வைப்பது ஓரிடம், கைப்பழக்கத்தைப் பிடித்து வைப்பது வேறிடம் என்று உலகத்துக்குக் காட்டியவர் அவர். 2008-இல், 82 வயதில் இறக்கும் வரை ஆய்வுகளுக்கு ஒத்துழைத்தார். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கும்பிடத் தோன்றும்.

நீ படிக்கும் வரலாறும் அறிவியலும் முதலில் அந்தக் கடல்குதிரையிடம்தான் வருகின்றன. அது நிரந்தரக் கிடங்கு இல்லை. தூக்கத்தில் அன்றைய பாடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்து, மூளையின் மேற்பரப்புக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக் கொடுக்கும். நீ விடிய விடிய விழித்திருந்தால் அந்த வேலை நடக்க இடமே இல்லை. இரவு பதினொன்றுக்குப் புத்தகத்தை மூடு. காலையில் எழுந்து, புத்தகத்தைத் திறக்காமலே நேற்றுப் படித்ததை ஒரு தாளில் எழுதிப் பார். எது வரவில்லையோ அதை மட்டும் திரும்பப் படி.

நாம் மூளையில் 10 விழுக்காடுதான் பயன்படுத்துகிறோமாமே? - வாசகர், ரவாங்

இல்லை. ஏறக்குறைய 1.4 கிலோ எடை, உடம்பில் 2 விழுக்காடு. ஆனால் உடம்பின் சக்தியில் 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. சும்மா கிடக்கும் உறுப்புக்கு உடம்பு இப்படிச் செலவழிக்காது. மீதி 90 விழுக்காடு வேலையே செய்யாது என்றால், பக்கவாதம் வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஒன்றும் ஆகாமல் இருந்திருக்க வேண்டும். என் வார்டில் அப்படி நான் பார்க்கவில்லை.

நடு மூளையைத் தூண்டிவிடும் வகுப்பு என்று சொன்னார்கள். இரண்டு நாள் பயிற்சிக்கு ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி. கண்ணைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் நிறம் சொல்கிறார்கள், புத்தகம் வாசிக்கிறார்கள். என் எட்டு வயது மகளைச் சேர்க்கலாமா? - வாசகி, பாயான் லெப்பாஸ்

சேர்க்காதீர்கள். இதில் எனக்குக் கோபம் உண்டு. என் தங்கை பேத்தியையும் இப்படி ஓரிடத்தில் சேர்த்துவிட்டார்கள். கடன் வாங்கிக் கட்டிய காசு.

நடு மூளை என்று ஒன்று உண்மையில் இருக்கிறது. இரண்டு செண்டிமீட்டர் நீளம்தான், மூளைத் தண்டின் உச்சியில். கண்ணை அசைக்கவும், வெளிச்சத்துக்கு ஏற்பக் கண்மணியைச் சுருக்கவும், சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பவும் அது உழைக்கிறது. அங்கே கருநிறமாக ஒரு பட்டை தெரியும். அதிலுள்ள செல்கள் அழியும்போதுதான் பார்க்கின்சன் நடுக்கம் வருகிறது. மயக்கத்தில் கிடப்பவரின் கண்ணில் நாங்கள் டார்ச் லைட் அடித்துப் பார்ப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். நடு மூளை வேலை செய்கிறதா என்றுதான் அதில் பார்க்கிறோம். ராத்திரி இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் அந்த டார்ச்சோடு நான் நடந்த வருடங்கள் எத்தனையோ. அது 'தூண்டப்படாமல்' இருந்தால் உங்கள் மகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பாள். ஓடி விளையாடுகிறாள் அல்லவா? நன்றாகவே வேலை செய்கிறது.

கண் கட்டிய துணிக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு சந்து இருக்கும். பிள்ளை தலையை லேசாக அண்ணாந்து கீழே பார்க்கும். தாடைக்குக் கீழே ஓர் அட்டையைப் பிடித்துவிட்டு, அதற்கு அடியில் புத்தகத்தை நீட்டிப் பாருங்கள். வாசிப்பு நின்றுவிடும். பிள்ளைமேல் தப்பில்லை. பெரியவர்கள் கைதட்டுகிறார்களே என்று செய்கிறது. பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல ஒரு பிள்ளைக்குக் காசு கொடுத்துப் பழக்குகிறோமே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் தங்கை பேத்தி பிறகு ஒரு நாள் என் மடியில் படுத்துக்கொண்டு, 'சின்னப் பாட்டி, நான் எட்டிப் பாத்துத்தான் சொன்னேன், அம்மாகிட்டச் சொல்லாதீங்க' என்றாள்.

அந்தப் பணத்தில் கதைப் புத்தகம் வாங்குங்கள். நீச்சல் கற்றுக் கொடுங்கள்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு அலகு குத்திக் காவடி எடுக்கிறேன். வலிப்பதில்லை என்று சொன்னால் கல்லூரி நண்பர்கள் நம்புவதில்லை. மூளையில் இதற்கு விளக்கம் உண்டா? - வாசகர், ஆயர் ஈத்தாம்

உங்கள் பக்திக்கு நான் விளக்கம் சொல்ல மாட்டேன், தம்பி. வலியைப் பற்றிச் சொல்கிறேன். வலி ஒன்று போலத் தெரிந்தாலும் மூளையில் அது பல இடங்களில் பதிவாகிறது. எங்கே குத்தியது, எவ்வளவு குத்தியது என்று அளப்பது உச்சந்தலைக்குக் கீழே ஓடும் தொடு உணர்வுப் பட்டை. 'ஐயோ, தாங்கவில்லையே' என்ற தவிப்புக்கு மூளையின் உள்மடிப்பில் வேறோர் இடம். கனடாவின் மாண்ட்ரியல் நகரில் 1997-இல் ஒரு சோதனை செய்தார்கள். சுடு தண்ணீரில் கை வைத்தவர்களை அறிதுயிலில் (ஹிப்னாடிசம்) ஆழ்த்தி, இந்த வலி உன்னை அவ்வளவாக வருத்தாது என்று சொன்னார்கள். தவிப்பு குறைந்தது. தவிப்புக்கான இடத்தில் செயல்பாடு மாறியது. அளக்கும் பட்டை பழையபடியே இருந்தது. சூடு அதே சூடுதான்.

அதோடு, மேலே சொன்ன நடு மூளையில் வலியை அடக்கும் ஒரு மையம் இருக்கிறது. அபின் வகையைச் சேர்ந்த மருந்தை உடம்பே சுரந்து, முதுகுத் தண்டில் ஏறிவரும் வலியை வழியிலேயே மட்டுப்படுத்துகிறது. 48 நாள் விரதம், உறுமி சத்தம், கூட வரும் கூட்டத்தின் வேல் வேல் முழக்கம் எல்லாம் சேர்ந்து உங்கள் கவனத்தை எங்கே கொண்டுபோய் வைக்கின்றன என்பது உங்களுக்குத்தான் தெரியும். நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள். தாதியாக ஒரே ஒரு வார்த்தை: புதிய, சுத்தம் செய்த அலகு மட்டும் பயன்படுத்துங்கள். சர்க்கரை நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் குத்தாதீர்கள்.

அப்பாவுக்கு 71 வயது. செந்தூல் இரயில்வே பட்டறையில் வேலை செய்தவர். பக்கவாதம் வந்து வீடு திரும்பி ஒரு மாதம் ஆகிறது. பேச்சு நன்றாக இருக்கிறது, ஞாபகம் இருக்கிறது. ஆனால் முகத்தில் வலப்பக்கம் மட்டும் சவரம் செய்கிறார். இடக் காலில் சிலிப்பர் போடுவதில்லை. கதவு நிலையில் இடத் தோளை இடித்துக்கொள்கிறார். தட்டில் பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு 'இவ்வளவுதானா போட்ட?' என்று என் மேல் கோபப்படுகிறார். எனக்கு ஒன்றுமில்லை, மோட்டார் சாவியைக் கொடு என்று தினமும் சண்டை. வேண்டுமென்றே செய்கிறாரா? - வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அதைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

1986-இல் என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வெல்ட் கீ படகுத்துறையில் மூட்டை தூக்கியவர், பெரிய உடம்பு. நான் அப்போது இரண்டாம் ஆண்டு தாதிப் பயிற்சியில் இருந்தேன். முதல் நாள் யாரோ சொன்னார்கள் என்று எண்ணெய் போட்டு உருவிவிட்டுப் பார்த்தோம். மறுநாள்தான் மருத்துவமனை. வீட்டுக்கு வந்த பிறகு அவரும் இதையேதான் செய்தார். அம்மா வெள்ளிக்கிழமை இலை போடுவார். நுனி இடப்பக்கம், அங்கேதான் உப்பும் ஊறுகாயும் பொரியலும். அப்பா வலப்பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, 'கறி வைக்கலையா? மனுசனை இப்படித்தான் நடத்துவியா?' என்பார். கறி எல்லாம் இடப்பக்கம் தொடாமல் இருக்கும். அம்மா அடுப்படியில் போய் அழுவார். என் அண்ணன் ஒரு நாள், 'வேணும்னே பண்றீங்கப்பா, அம்மாவைப் படுத்தறதுக்குன்னே பண்றீங்க' என்று கத்திவிட்டார். நான் அருகில் நின்றுகொண்டு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. 1988-இல் அப்பா போய்விட்டார்.

1991-இல், என் வார்டில், ஒரு சீனத் தாத்தா பாதிச் சோற்றை வைத்துவிட்டு இன்னும் வேண்டும் என்று கேட்டார். சிஸ்டர் வந்து ஒன்றும் பேசாமல் தட்டை அரை வட்டம் திருப்பி வைத்தார். தாத்தா 'ஓ' என்று மீதியைச் சாப்பிடத் தொடங்கினார். நான் கையில் மருந்துத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன்.

உங்கள் அப்பாவுக்கு மூளையின் வலப்பாதியில், காதுக்கு மேலே பின்புறமாக, அடி விழுந்திருக்க வேண்டும். கண் நன்றாகவே இருக்கலாம். ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே அவர் கவனத்துக்கு வருவதில்லை. வலப்பாதி மூளை இரண்டு பக்கமும் கவனம் வைக்கும், இடப்பாதி பெரும்பாலும் வலப்பக்கம் மட்டும் கவனிக்கும் என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். அதனால் இடப்பாதி அடிபட்டால் வலப்பாதி ஈடுகட்டிவிடும். வலப்பாதி அடிபட்டால் ஈடுகட்ட ஆளில்லை.

இது கண் சம்பந்தப்பட்டதில்லை என்பதை 1978-இல் இத்தாலியில் பிசியாக், லுசாத்தி என்ற இருவர் அழகாகக் காட்டினார்கள். மிலான் நகரின் பெரிய தேவாலயச் சதுக்கத்தை நோயாளிகளிடம் நினைத்துப் பார்க்கச் சொன்னார்கள். தேவாலயத்தைப் பார்த்தபடி எதிரே நிற்பதாக நினைத்தால், வலப்பக்கக் கட்டடங்களை மட்டும் சொன்னார்கள். இப்போது தேவாலய வாசலில் நின்று இந்தப் பக்கம் பார்க்கிறீர்கள் என்றதும், சற்று முன் விட்டுவிட்டவற்றைச் சொல்லி, முதலில் சொன்னவற்றை விட்டுவிட்டார்கள். மனதுக்குள் இருக்கும் சதுக்கத்திலும் இடப்பக்கம் காணாமல் போயிருந்தது. இதைப் படித்த பிறகு, ஜார்ஜ்டவுனில் மளிகைக்கடை வைத்திருந்த ஒரு மாமாவிடம் நானும் கேட்டுப் பார்த்தேன். நம் ஆட்கள் கடைத்தெரு என்று சொல்லும் லெபோ பாசாரில், பீச் ஸ்திரீட் முனையிலிருந்து நடந்து வாருங்கள், என்னென்ன கடை என்று. வலப்பக்கக் கடைகளை வரிசையாகச் சொன்னார். மறுமுனையிலிருந்து திரும்பி வரச் சொன்னேன். அவருடைய சொந்தக் கடையே அப்போதுதான் வந்தது.

'எனக்கு ஒன்றுமில்லை' என்பதும் பிடிவாதமில்லை. தன் குறையே தெரியாமல் போவது. பபின்ஸ்கி என்ற நரம்பியல் மருத்துவர் 1914-இலேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார். குறையைக் கவனித்துச் சொல்ல வேண்டிய பகுதியே அடிபட்டிருக்கும்போது, அவருக்கு யார் சொல்வது? வாதாடி வெல்ல முடியாது. வாதாடாதீர்கள். ஆனால் மோட்டார் சாவியை மட்டும் அவர் கண்ணில் படாமல் வைத்துவிடுங்கள். இடப்பக்கம் வரும் வண்டி அவருக்குத் தெரியவே தெரியாது.

தண்ணீர், மருந்து, ஆளைக் கூப்பிடும் மணி ஆகியவற்றை வலப்பக்கம் வையுங்கள், அவசரத்துக்கு எட்ட வேண்டும். பேச்சுக் கொடுப்பது, பேரப்பிள்ளை விளையாடுவது, டிவி எல்லாம் மெல்ல மெல்ல இடப்பக்கத்துக்குக் கொண்டு போங்கள், தலை அங்கே திரும்பட்டும். பேப்பர் படிப்பவரானால் ஒவ்வொரு வரியின் வலப்பாதியை மட்டும் படித்துவிட்டு, எழுதத் தெரியாதவர்கள் எழுதுகிறார்கள் என்று தூக்கிப் போட்டிருப்பார். இடது ஓரத்தில் சிவப்பு மையால் மேலிருந்து கீழாகக் கோடு கிழித்துக் கொடுங்கள். சிவப்பு கண்ணில் படும் வரை தலையைத் திருப்பிவிட்டுப் படிக்கத் தொடங்கப் பழக்குங்கள். தொழில்வழிப் பயிற்சியாளரிடம் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) அனுப்பச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். தேசியப் பக்கவாதச் சங்கமான நாசாமிலும் பயிற்சி உண்டு. முதல் சில மாதங்களில் பலருக்கு நன்றாகக் குறைகிறது.

இன்னொன்று. வாய் கோணினால், ஒரு கை தானாக இறங்கினால், பேச்சு குழறினால், படுத்து எழுந்தால் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள். எண்ணெய், உருவல் எதுவும் வேண்டாம். உடனே 999. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வரலாம், அதனால் வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இலை போட வேண்டாம். இலையைத் திருப்பிப் போடக்கூடாது என்று பெரியவர்கள் யாராவது தடுப்பார்கள். தட்டில் போடுங்கள். அவர் கையை எடுத்துவிட்டு 'இவ்வளவுதானா?' என்று கேட்டதும், தட்டை அரை வட்டம் திருப்புங்கள். இது எப்போது வைத்தாய் என்பார். 'முதல்லயே வச்சேன்பா, இந்தப் பக்கம் இருந்துச்சு' என்று அவர் இடக் கையைத் தொட்டுச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு அந்தப் பக்கமே உட்காருங்கள்.